பாஸ்புக்கில் புரியாத பிடித்தங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, அந்த நிறுவனமே வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. இருப்பு வைக்கத் தேவையில்லை என்று அப்போது சொன்னார்கள். சென்ற ஆண்டு அவர் வேலையை விட்டுவிட்டார். கணக்கை மட்டும் வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டோம். அண்மையில் பாஸ்புக்கில் பதிவு போட்டபோது மாதந்தோறும் 236 ரூபாய் கழிந்திருந்தது. அதற்கு எதிரே 'எம்.ஏ.பி. சார்ஜ்' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. இப்போது கணக்கு மைனஸில் இருக்கிறது. சராசரியாக 3,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்றும், மைனஸ் தொகையைக் கட்டினால்தான் கணக்கை முடிப்போம் என்றும் கிளையில் சொல்கிறார்கள். பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு மாதம் 10,000 ரூபாய் ஐந்து நாள்கள் கணக்கில் இருந்ததே என்று கேட்டால், "விதிமுறைகளுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்த அந்தப் படிவத்தை நாங்கள் எப்படிப் படித்திருக்க முடியும்?
— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கையெழுத்து உங்கள் கணவரைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் வங்கியைக் கட்டுப்படுத்தும் விதிகளும் இருக்கின்றன; கிளையில் உங்களுக்குப் பதில் சொன்னவர் அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எம்.ஏ.பி. என்பது மாதச் சராசரி இருப்பு; அது குறைந்ததற்காகப் பிடித்த அபராதம்தான் அந்த 'எம்.ஏ.பி. சார்ஜ்'.

சம்பளக் கணக்குக்கு இருப்பு வேண்டாம் என்ற சலுகை, சம்பளம் வந்துகொண்டிருக்கும் வரைதான். சில மாதங்கள் தொடர்ந்து சம்பளம் வராவிட்டால், பெரும்பாலான வங்கிகள் அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுகின்றன. கணக்கு தொடங்கும்போது இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படிவத்தின் ஏதோ ஒரு மூலையில் அது இருக்கும். மாற்றியதை மட்டும் வைத்து வங்கி தவறு செய்தது என்று சொல்லிவிட முடியாது. மாற்றிய பிறகு அபராதம் பிடித்த முறையைத்தான் நீங்கள் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை இதில் தெளிவாக இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு குறைந்தால், அதை எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால் அபராதம் விழும் என்று எச்சரிக்க வேண்டும்; அந்த அவகாசம் தராமல் பிடிக்கக் கூடாது. அபராதம் பற்றாக்குறையின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. ஆகவே, மைனஸ் தொகையைக் கட்டச் சொல்வதற்கு முன், அது எந்தப் பிடித்தத்தால் வந்தது என்பதை வங்கிதான் உங்களுக்குக் காட்ட வேண்டும். அபராதத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால், அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

236 ரூபாய் என்பது 200 ரூபாய் கட்டணமும் அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்த தொகையாக இருக்க வேண்டும். பற்றாக்குறை மாதத்துக்கு மாதம் மாறியிருக்க, அபராதம் மட்டும் எப்படி மாறாமல் இருக்கிறது என்று கேளுங்கள். பற்றாக்குறையைப் படிநிலைகளாகப் பிரித்து வசூலிக்க அனுமதி உண்டு என்பதால், எல்லா மாதமும் ஒரே படிநிலையில் விழுந்தது என்று அவர்கள் விளக்கம் தரக்கூடும்; அப்படியானால் அந்தப் படிநிலைப் பட்டியலைக் காட்டட்டும்.

10,000 ரூபாய் விஷயத்தில் மட்டும் வங்கியின் கணக்கு சரியாக இருக்கக்கூடும். சராசரி என்பது ஒவ்வொரு நாளின் முடிவிலும் இருந்த இருப்பைக் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. ஐந்து நாள்கள் 10,000 ரூபாயும், மீதி 25 நாள்கள் 500 ரூபாயும் இருந்திருந்தால், கூட்டுத்தொகை 62,500. அதை 30 ஆல் வகுத்தால் சராசரி 2,083 ரூபாய்தான் வரும். 3,000 ரூபாய்க்கு இன்னும் 917 ரூபாய் குறைகிறது. அதே 10,000 ரூபாய் இன்னும் மூன்று நாள்கள் கணக்கில் இருந்திருந்தால், சராசரி 3,000 ரூபாயைத் தாண்டியிருக்கும்! இந்தத் தொகையே ஊருக்கு ஊர் மாறக்கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கடலூர் நகர்ப்புறக் கிளை. பண்ருட்டியும் நெல்லிக்குப்பமும் அதற்குக் கீழே என்பதால் சிறுநகரக் கிளைகள். பல வங்கிகள் சிறுநகரக் கிளைகளில் குறைவான இருப்பே கேட்கின்றன.

படிவத்தைப் பற்றியும் உங்கள் மனக்குறை நியாயமானதே. கணக்குத் தொடக்கப் படிவம், பாஸ்புக் போன்ற அச்சிட்ட தாள்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் கிடைக்க வேண்டும் என்றும், பாஸ்புக்கில் புரியாத சுருக்கக் குறிப்புகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஏற்கெனவே அறிவுறுத்தியிருக்கிறது. 'எம்.ஏ.பி. சார்ஜ்' எந்த வாடிக்கையாளருக்குப் புரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கணக்கு உங்கள் கணவர் பெயரில் இருப்பதால் மனுவில் அவரே கையெழுத்திட வேண்டும். கணக்கு எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, அபராத எச்சரிக்கை எந்தத் தேதியில் எந்த எண்ணுக்கு அல்லது முகவரிக்கு அனுப்பப்பட்டது, ஒவ்வொரு மாதமும் பற்றாக்குறை எவ்வளவு என்று கேட்டுத் தமிழிலேயே எழுதி, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்: வங்கியில் பதிவாகியிருப்பது தொழிற்சாலையில் சேர்ந்த நாளில் கொடுத்த பழைய செல்பேசி எண் என்றால், எச்சரிக்கை அந்த எண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அப்போது உங்கள் வாதத்தின் ஒரு பகுதி வலுவிழக்கும், மைனஸ் பற்றிய பகுதி வலுவிழக்காது.

30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம்.

இனிமேலைக்கு, இருப்புக் கட்டாயம் இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எந்த வங்கியிலும் கேட்டு வாங்கலாம். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025இலும் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தையே நீக்கிவிட்டன.

கேள்வி: வாரந்தோறும் வேலையாகச் சென்னைக்குப் போய் வருகிறேன். கணக்கில் அவ்வப்போது 27 ரூபாய் 14 காசு கழிகிறது. ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது மாதம் ஐந்து முறை இலவசம் என்றுதானே சொன்னார்கள்?
— ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஐந்து முறை என்பது உங்கள் வங்கியின் சொந்த ஏ.டி.எம்.களுக்கும், புதுச்சேரி போன்ற ஊர்களில் உள்ள பிற வங்கி ஏ.டி.எம்.களுக்கும் பொருந்தும். சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் பிற வங்கி ஏ.டி.எம்.மில் மூன்று முறைதான் இலவசம். உங்கள் கணக்கு எங்கே இருக்கிறது என்பது பொருட்டல்ல. இயந்திரம் எந்த ஊரில் இருக்கிறது என்பதே கணக்கு. வரம்பைத் தாண்டினால் 2025 மே 1 முதல் அதிகபட்சம் 23 ரூபாய், ஜி.எஸ்.டி. 4.14 சேர்ந்தால் நீங்கள் எழுதியிருக்கும் தொகை வருகிறது. பிற வங்கி ஏ.டி.எம்.மில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் இயந்திரத்தில் பணம் இல்லாததாலோ தொழில்நுட்பக் கோளாறாலோ பணம் வராமல் போனால், அதை எண்ணக் கூடாது.

கேள்வி: மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் தனித்தனியே கழிந்துள்ளன. இவை என்ன கட்டணம்?
— ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: இவை வங்கிக் கட்டணம் அல்ல; மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கும் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்குமான ஆண்டுப் பிரீமியம். ஒவ்வொன்றிலும் காப்புத்தொகை 2 லட்சம் ரூபாய். உங்கள் சம்மதம் இல்லாமல் சேர்த்திருந்தால், சம்மதப் படிவத்தின் நகலைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். தொடர விருப்பமில்லை என்றால் அடுத்த மே மாதத்துக்கு முன்பே கிளையில் எழுதிக் கொடுத்துப் பிடித்தத்தை நிறுத்தலாம். கோபத்தில் இரண்டையும் நிறுத்திவிட வேண்டாம். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டையாவது வைத்துக்கொள்ளுங்கள்.