பிரசவத்துக்குப் பிறகு வரும் மன அழுத்தம், தாய் குழந்தையை வளர்ப்பதைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஆனால் ஊரில் பேசிக்கொள்வதுபோல் பிள்ளை மேல் பாசம் அற்றுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. பலருக்கும் குறைந்துபோவது பேச்சும் கொஞ்சலும்தான்.

எங்களுக்குப் பாம்பன் பக்கம். தம்பி பெண்டாட்டிக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது நான் கூடவே இருந்தேன். நேரத்துக்குப் பால், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டல், சாம்பிராணிப் புகை என்று பிள்ளைக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. பால் கொடுக்கும்போது மட்டும் கண் சுவரில் நிலைகுத்தி நிற்கும். பிள்ளை குடிப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்து "ங்கா" என்பான். பதில் வராது. மறுபடி பார்ப்பான், அப்புறம் கைகாலை உதறி அழுவான். "எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியல மதினி" என்று அவளும் சேர்ந்து அழுவாள்.

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் இதையே சோதனையாகச் செய்தார். தாய் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். சில மாதக் குழந்தைகள்கூட சிரித்து, சத்தம் கொடுத்து அவளை இழுக்கப் பார்த்தன. முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டன. மன அழுத்தத்தில் இருக்கும் வீட்டில் இது நாள் முழுக்க நடக்கலாம். பிள்ளை இன்னும் அழும், தாய்க்கு இன்னும் தூக்கம் கெடும்.

பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். கவலையும் வலியும் மிஞ்சினால் சுரந்த பாலை இறங்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் தடைப்படலாம். உடனே "பால் பத்தல" என்ற பேச்சு வந்துவிடும். எங்கள் பக்கம் பால்சுறாப் புட்டு அவித்துக் கொடுப்பார்கள். நல்ல சாப்பாடுதான், கொடுங்கள். ஆனால் புருஷன் கடலுக்குப் போன ராத்திரியில் காற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே விழித்துக் கிடப்பவளுக்குப் புட்டு மட்டும் போதாது. கோவாவில் நடந்த ஆய்வொன்றில், மன அழுத்தம் இருந்த தாய்மாரின் குழந்தைகள் ஆறு மாதத்தில் எடை குறைந்திருப்பது அதிகமாக இருந்தது.

பிரசவமான முதல் இரண்டு வாரம் அழுகையும் எரிச்சலும் வந்து போவது சகஜம். அதைத் தாண்டினால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். இது மன அழுத்தமா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வந்த பத்துக் கேள்விகள் இருக்கின்றன, சில நிமிட வேலை. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு, டாக்டர் பார்த்துத் தருவார்.

எங்கள் ஜில்லாவில் இப்போதும் "கண்ணு பட்டிருக்கு, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பவர்கள் உண்டு. வேண்டுதல் இருக்கட்டும், அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். காதில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமில்லை, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்கிறாள் என்றால், தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மனசு விட்டுப் பேச டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எனக்குப் பெரிய தெம்பு தந்தது பாகிஸ்தான் கிராமங்களில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு. மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற கிராமச் சுகாதாரப் பணிப் பெண்களே வீட்டுக்கு வந்து தாய்மாரிடம் பேசினார்கள். நிறையப் பேருக்கு மன அழுத்தம் தணிந்தது. தாயும் தகப்பனும் பிள்ளையோடு விளையாடும் நேரமும் கூடியது. என் தம்பியிடம் அதைத்தான் சொன்னேன்: கரைக்கு வந்ததும் வலையைப் பிறகு பார், முதலில் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை நாலு மணி நேரம் தூங்க விடு.