பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கும்போது எந்தெந்தப் பொருட்களைத் திரும்பப் பயன்படுத்தலாம்?

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். இடிப்பவர் கூலியைக் குறைத்துச் சொன்னால், பெரும்பாலும் மரமும் கம்பியும் தனக்கு என்று கணக்குப் போட்டிருப்பார். எது உங்களுக்கு வேண்டும் என்பதை எழுதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

தேக்கு நிலை, கதவு, உத்தரம் எல்லாம் உண்மையில் சொத்து. பல வருடம் காய்ந்த மரம் என்பதால் இனி அவ்வளவாக முறுக்காது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் கேட்டால் உள்ளே கரையான் அரித்திருக்கும். மறுபடி இழைக்கும் முன் ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் ரம்பம் போய்விடும்.

செங்கல்லைப் பொறுத்தவரை எல்லாம் சாந்தைப் பொறுத்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது என்றால் கொத்திவிட்டால் முழுசாக வந்துவிடும். சிமெண்ட் பூசிக் கட்டியது பாதிக்குமேல் உடைந்துதான் வரும். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். உப்புப் பூத்த கல் வேண்டாம்.

துருப்பிடித்த பழைய கம்பியைத் தூணுக்கும் தளத்துக்கும் போடவே கூடாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். உடைந்த கல்லும் காரையும் தரை நிரப்ப ஆகும். கான்கிரீட் இடிபாட்டை முறையாக அரைத்துச் சலித்த ஜல்லியை, எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்க ஐஎஸ் 383 (2016) என்ற இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதற்கான ஆலைகள் இருக்கின்றன.

அப்புறம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. அதை மறுபடி எங்கும் போடாதீர்கள்.