திருகோணமலையில் நல்ல பர்கரும் கடைக் குசினியும்

திருகோணமலையில் நல்ல பர்கர் எங்கே கிடைக்கும், கடையின் குசினி சுத்தமானதா என்பதை உள்ளே போகாமல் அறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடையின் பெயரைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. சமையற்காரர் மாறினால் கடையே மாறிவிடுகிறது. ஆகவே நகரத்திலும் அதையடுத்த உப்புவெளிக் கடற்கரையிலும் நான் கடை தேரும் முறையை மட்டும் எழுதுகிறேன்.

முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதால், வெளிப்புறம் நன்றாகச் சூடேறினால் அவை அழிந்துவிடும். இறைச்சியை அரைக்கும்போதோ மேலே இருந்தது உள்ளேயும் கலந்துவிடுகிறது. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கர்களால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்று, 4 குழந்தைகள் இறந்ததற்கு இதுவே காரணம். அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸையும், கோழியிறைச்சி 74 பாகையையும் எட்ட வேண்டும். நடுவில் சிவப்பாக இருக்கட்டும் என்று கேட்கும் பழக்கத்தை நம் வெயிலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நம் ஊரில் பருவகாலத்தையும் கவனிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கடற்கரைக் கடைகளில் வெள்ளைக்காரர் கூட்டம் இருப்பதால் இறைச்சி தேங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே கடையில் நாளொன்றுக்கு இரண்டு பர்கர் விற்றாலே பெரிது. மீதி உறைபெட்டியில் கிடக்கும். உறைய வைப்பதால் கிருமிகள் பெருகாதே தவிர, எல்லாமே சாவதில்லை. மின்சாரம் நின்று இளகி மறுபடி உறைந்த இறைச்சி, கல்லில் போட்டதும் தண்ணீர் விட்டு, கடித்தால் உமி போல உதிரும். அத்தகைய பர்கரை நான் பாதியில் வைத்துவிடுவேன். பௌர்ணமி நாளான போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒருமுறை கடற்கரையோரக் கடையொன்றில், மேசையைத் துடைத்த ஈரத் துணியாலேயே வெட்டுப் பலகையையும் துடைத்து, காசு வாங்கிய கையாலேயே சலாது இலையை எடுத்து வைத்தார் ஒரு தம்பி. கையுறை போட்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. அந்தக் கையுறையோடுதான் காசும் வாங்கினார். அன்றிலிருந்து கையுறையைப் பார்த்து மயங்குவதில்லை. துணியையும், பச்சை இறைச்சிக்கும் மரக்கறிக்கும் தனித்தனிப் பலகை உண்டா என்பதையும், கை கழுவுமிடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்பதையும் பார்க்கிறேன். வெயிலில் நிற்கும் மயோனைஸ் போத்தலைத் தொடுவதே இல்லை. மிக மோசமாக இருந்தால் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்; 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அவர் நீதிமன்றில் வழக்குத் தொடரலாம்.

நான் வழமையாகப் போவது, ரொட்டிக் கல் வாசலிலேயே இருக்கும் ஒரு சிறு கடைக்கு. காசை முதலாளி மட்டுமே தொடுகிறார். பணிஸை வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கல்லில் வாட்டித் தருவதால் சாறு இறங்கி ஊறிப்போவதில்லை. காலையில் அரைத்த இறைச்சி முடிந்தால் அன்றைக்குப் பர்கர் இல்லை. இரவு 8 மணிக்குப் பின் போய், இரண்டு தடவை அங்கேயே கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.