பழைய மேனுவல் லென்ஸில் எடுத்த படங்களுக்குத் தனி அழகு உண்டு என்கிறார்களே, உண்மையா? அதை எடிட்டிங்கிலேயே கொண்டுவர முடியாதா?

உண்மைதான், ஆனால் எல்லாப் படத்திலும் அது தெரியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, எஃப் 8 வைத்து, அதாவது ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கி, ஒரு கட்டடத்தை எடுங்கள். ஐம்பது வருடப் பழைய நல்ல லென்ஸ் எது, போன வருடம் வந்த லென்ஸ் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் ஏதாவது சிக்கும். அப்பர்ச்சரை முழுசாகத் திறக்கும்போதும், வெளிச்சம் எதிரே இருந்து வரும்போதும்தான் இரண்டும் வேறு வேறு லென்ஸ் என்பது வெளியே வரும்.

நான் அதிகம் பயன்படுத்துவது ஹீலியோஸ் 44-2. சோவியத் தயாரிப்பு, 58 மி.மீ., முழுசாகத் திறந்தால் எஃப் 2 (எஃப் எண் சிறிதாக ஆக, துளை பெரிதாகும்). ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்துடைய பயோட்டார் லென்ஸின் வடிவமைப்பை ஒட்டிச் செய்தது. அதை அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டியிருக்கிறேன்.

இலைகள் அடர்ந்த மரம், இடுக்குகளில் துண்டு துண்டாக வானம். அதற்கு நன்றாக முன்னால், கேமராவிலிருந்து இரண்டு மீட்டரில் ஒருவரை நிறுத்தி எஃப் 2-இல் எடுத்தால், படத்தின் நடுப்பகுதியில் அந்த வானத் துண்டுகள் மங்கலான வட்டங்களாக விழும். ஓரத்துக்குப் போகப் போக அவை பாதாம் பருப்பு மாதிரி ஒடுங்கி, படத்தின் மையத்தைச் சுற்றி வரிசை கட்டி நிற்கும். பின்னணியே சுழல்வது போலத் தோன்றுவது இதனால்தான். சாய்வாக நுழையும் ஒளியை லென்ஸ் குழாயின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிவிடுகின்றன. கூடவே, ஃபோகஸ் விழும் தளமும் தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கிறது. எஃப் 4-க்கு மாற்றினால் அந்தச் சுழல் ஏறக்குறைய காணாமல் போகும்.

அப்புறம் அந்த மென்மை. முழுசாகத் திறந்த பழைய லென்ஸில் கண்ணிமை முடிகள் கூர்மையாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கூர்மையின் மேல் மெல்லிய ஒளிப்படலம் ஒன்று படிந்திருக்கும். லென்ஸின் விளிம்பு வழியாக வரும் ஒளி, நடுவழியாக வரும் ஒளி குவியும் புள்ளியில் குவியாமல் சற்றுத் தள்ளிக் குவிவதே காரணம். இதே குறைதான் போக்கேயின், அதாவது ஃபோகஸுக்கு வெளியே மங்கும் பகுதியின், முகத்தையும் தீர்மானிக்கிறது. மேயர் ட்ரையோப்ளான் 100 மி.மீ. லென்ஸில் மூன்றே கண்ணாடிகள். அதன் பின்னணி வட்டங்கள் சோப்புக் குமிழிகளாகத் தெரிவது, வட்டத்தின் விளிம்பில் ஒளி அதிகம் சேர்ந்துவிடுவதால்.

எதிர் வெளிச்சத்தில் முடிவு செய்வது கோட்டிங், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடி மேல் போடும் மெல்லிய பூச்சு. கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். தனிக் கண்ணாடியோ, ஒன்றாக ஒட்டிய கண்ணாடிகளோ ஒரு தொகுதி; நான்கு தொகுதிகளாக உள்ள லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. கோட்டிங் இல்லாவிட்டால் கால் பங்குக்கு மேல் ஒளி வீண், அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கும். 1896-இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த ப்ளானர் அவ்வளவு நல்ல வடிவமைப்பாக இருந்தும், 1902-இல் வந்த எளிய டெஸ்ஸார் அதை முந்தியதற்கு, ஃப்ளேர் எனப்படும் இந்த அலையும் ஒளி ஒரு முக்கியக் காரணம். 1935-இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கோட்டிங்குக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் லென்ஸ் வடிவமைப்பவர்களின் கை அவிழ்ந்தது. 2013-இல் வந்த ஸைஸ் ஓட்டஸ் 55 மி.மீ. லென்ஸில் 12 கண்ணாடிகள், 10 தொகுதிகள். இருபது பரப்புகள்! கோட்டிங்கே இல்லாவிட்டால் அதில் பாதி ஒளிகூட உள்ளே வந்து சேராது. பழைய லென்ஸ் விட்டுவைத்த குறைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தீர்ப்பதற்குத்தான் அத்தனை கண்ணாடிகளும்.

எடிட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். கான்ட்ராஸ்ட்டையும் நிறத்தையும் தாராளமாகக் கொண்டுவரலாம். கறுப்பைக் கொஞ்சம் தூக்கி, லேசாக மஞ்சளைக் கூட்டினால் பாதி வேலை முடிந்தது. சுழலும் குமிழியும் அப்படியல்ல. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்து லென்ஸ் அவற்றை உருவாக்குகிறது. எடுத்து முடித்த படத்தில் அந்தத் தூரக் கணக்கு இல்லை. மென்பொருள் ஊகிக்கத்தான் வேண்டும், தலைமுடி ஓரத்தில் அந்த ஊகம் பல்லிளிக்கும்.

முகங்களுக்கு நான் பழையதைத்தான் எடுப்பேன். பொருட்படம், பெரிய குழுப்படம், இரவு வானம் என்றால் யோசிக்காமல் புதியது. முழுசாகத் திறந்த பழைய லென்ஸில் மூலையிலுள்ள நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைத்துவிடும், அதில் ரசிக்க எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உள்ளே பூஞ்சை பிடித்து, புகை படிந்து மங்கிய லென்ஸைக்கூட ‘தனித்தன்மை’ என்ற பெயரில் விற்கிறார்கள். மங்கல் வேறு, நான் மேலே சொன்னவை வேறு. வாங்கும் முன் அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பால்நிறமாகத் தெரிந்தால் புகை. இரண்டில் எது இருந்தாலும் வேண்டாம். உள்ளே இரண்டு மூன்று தூசி தெரிந்தால் பரவாயில்லை, படத்தில் வராது.