ஒரே அலைக்கு இரண்டு விடையா?

கேள்வி: ஆழம் குறைந்த நீரில் நகரும் அலையை விவரிக்கும் கே.டி.வி. சமன்பாட்டை (அலை உயரமான யூ-வின் கால வகைக்கெழு + 6யூ × இட வகைக்கெழு + மூன்றாம் இட வகைக்கெழு = 0) டான்ஹெச் முறையில், அதாவது விடையை டான்ஹெச் என்ற சார்பின் பல்லுறுப்புக் கோவையாக வைத்து, தீர்த்தேன். மேப்பிள் என்ற கணித மென்பொருள் இரண்டு விடை தருகிறது. ஒரு அலை வலப்பக்கம் போகிறது, இன்னொன்று இடப்பக்கம். இரண்டாவதைப் புதிய தீர்வு என்று கட்டுரையில் எழுதலாமா?
– கணித ஆய்வு மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம். இரண்டும் ஒரே அலைதான். கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அலை சி வேகத்தில் உருமாறாமல் நகர்வதாக வைத்து ஒருமுறை தொகையிட்டால் யூ″ + 3யூ² − சி.யூ = மாறிலி. டான்ஹெச் கோவையின் உச்சப் படியை எம் என்று வைத்துப் படிகளைச் சமன்செய்தால் 2எம் = எம் + 2, அதாவது எம் = 2. ஆக யூ என்பது டான்ஹெச்சின் இருபடிக் கோவை. நான்காம் படியிலிருந்து இருபடிக் கெழு −2கே² என்று வரும் (கே என்பது டான்ஹெச்சுக்குள் இடத்தைப் பெருக்கும் எண்); மூன்றாம் படி ஒருபடிக் கெழுவைச் சுழியாக்கும்; இரண்டாம் படி சி = 6ஏ − 8கே² என்று தரும் (ஏ என்பது தனி உறுப்பு). இதுவரை வம்பில்லை. மாறிலியைச் சுழியாக்கினீர்கள் பாருங்கள், அங்கேதான் 3ஏ² − 8கே²ஏ + 4கே⁴ = 0 என்ற இருபடிச் சமன்பாடு முளைக்கிறது. ஏ = 2கே² என்றால் சி = 4கே²; ஏ = ⅔கே² என்றால் சி = −4கே².

முதல் விடை, தொலைவில் சுழிக்கு இறங்கும் 2கே² செக்ஹெச்² முகடு (செக்ஹெச்² என்பது 1 − டான்ஹெச்²). இரண்டாவதை விரித்து எழுதுங்கள்: அதே முகடு, −4கே²/3 மட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். மட்டம் அவ்வளவு இறங்கினால் வேகம் அதன் 6 மடங்கு, அதாவது 8கே² குறையும். 4கே² போய் −4கே² ஆவது அதனால்தான். வெறும் கலிலியோ மாற்றம், அதாவது சீராக நகரும் இடத்திலிருந்து அதே அலையைப் பார்ப்பது. மாறிலியைச் சும்மா விட்டிருந்தால் ஏ எதுவாகவும் இருக்கலாம், எல்லாம் ஒரே குடும்பம்.

டான்ஹெச்சும் அதன் தலைகீழான காட்ஹெச்சும் கலந்த விடையிலும் ஏமாறாதீர்கள். கே கோணத்தில் இரண்டையும் கூட்டினால் 2கே கோணத்துக் காட்ஹெச்சின் இரு மடங்கு, அவ்வளவே. மையத்தில் எல்லையின்றி எகிறும் அந்தச் சார்பு தண்ணீருக்கு ஆகாது. சமன்பாட்டை 6 இல்லாமல் எழுதிய கட்டுரையில் முகடு 12கே² என்று இருக்கும். அதுவும் வேறு அலை அல்ல.

கேள்வி: ஏற்காடு ஏரியில் படகைச் சட்டென்று நிறுத்தினால், பொறியாளர் ஸ்காட் ரஸ்ஸல் பார்த்தது போன்ற தனியலை (உருமாறாமல் நகரும் ஒற்றை முகடு) கிளம்புமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கிளம்பினாலும் நிலைக்காது. 1834இல் அவர் பார்த்தது எடின்பரோ அருகே ஒரு குறுகிய கால்வாயில். இரு கரையும் அலையைச் சிதறவிடாமல் பிடித்திருந்தன. ஏரியில் அது நாலாபக்கமும் விரிந்து உயரம் இழந்துவிடும்.

நேரான சிமெண்ட் வாய்க்காலில் 1 மீட்டர் நீர் அசையாமல் நின்று, முகடு 20 செ.மீ. எழுந்தால், வேகம் √(9.8 × 1.2), நொடிக்குச் சுமார் 3.4 மீட்டர். பாதி உயரத்தில் அகலம் ஏறக்குறைய 4.5 மீட்டர். மேட்டூர் வாய்க்கால் போல ஓடும் நீர் என்றால், அலை நீரோட்டத்தோடு போகும்போது அதன் வேகத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். முகடு ஆழத்தில் 0.8 பங்கை நெருங்கினால் உடைந்து நுரைத்துவிடும். கே.டி.வி. கணக்கு அதற்கு வெகு முன்பே பிசகத் தொடங்கும்.