உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச தீவு எது? வீட்ல பத்திரமா வெச்சிருக்கிற பழைய பொருள் எது?

ரெண்டு கேள்விக்கும் சேர்த்தே சொல்றேன், எனக்கு பிரிச்சு சொல்ல வராது. தீவுன்னா இலங்கை. பொருள்னா எங்க தாத்தாவோட வால்வு ரேடியோ, உள்ள கண்ணாடிக் குழாய் (அதான் வால்வு) வெச்ச அந்தக் காலத்து ரேடியோ.

நாங்க கோத்தகிரி பக்கம். எங்களை இங்க சிலோன்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. 1964 அக்டோபர்ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு பேசி முடிச்சாங்கல்ல, அந்தக் கணக்குல வந்த குடும்பம். தாத்தா பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீட்டுல) பொறந்தவரு. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் நீலகிரி. ஒப்பந்தம் போட்ட அதே வருஷம் டிசம்பர்ல வந்த புயல்ல தனுஷ்கோடி போயிடுச்சு, அதனாலதான் எங்காளுங்க ராமேஸ்வரத்துல இறங்குனாங்க. பாம்பன் தீவுக்குப் போனா எல்லாரும் கோயிலுக்கும் பாலத்துக்கும் போறாங்க, புதுப் பாலம் 2025ல தொறந்ததுலேர்ந்து கூட்டம் இன்னும் ஜாஸ்தி, ஆனா எனக்கு அந்தக் கடல்கரையைப் பாத்தாலே நெஞ்சு அடைச்சுக்கும், இந்தப் பக்கம் இறங்குன சனம் என்ன நினைச்சு இறங்கியிருக்கும்னு.

தாத்தாவுக்கு இங்க டீ பேக்டரில வேலை கிடைச்சுது, குவார்ட்டர்ஸ்ல கரண்ட் இருந்துச்சு. அப்போ டிரான்சிஸ்டர் வந்துட்டதால கணக்குப்பிள்ளை ஒருத்தர் தன்னோட பழைய பிலிப்ஸ் வால்வு ரேடியோவை வித்தாரு, கட்டில் மெத்தை கூட இல்லாத வீட்ல தாத்தா அதை வாங்கிட்டு வந்து வெச்சாரு, பாட்டி எவ்ளோ திட்டியும் கேக்கல. எதுக்குன்னா இலங்கை வானொலி கேக்கணும். காலைல பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி, அப்புறம் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீதுன்னு அறிவிப்பாளருங்க குரலெல்லாம் இந்த மரப்பொட்டிலதான் எங்க அப்பா சித்தப்பா எல்லாரும் கேட்டு வளர்ந்தது. பொழுது சாஞ்சா மீடியம் வேவ் வானத்துல மேல் அடுக்குல பட்டு ரொம்ப தூரத்துக்கு வரும், அதனால ராத்திரில இன்னும் நல்லா கேக்கும்னு அப்பா சொல்லுவாரு. ஸ்டேஷன் கண்ணாடில கொழும்பு வர்ற இடத்துல பாட்டி நகப்பாலிஷ்ல ஒரு சிவப்புப் பொட்டு வெச்சிருக்காங்க (திட்டுனவங்கதான்!). போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டின ரேடியோ லைசென்ஸ் புக்கும் முத்திரையோட அப்படியே இருக்கு.

இப்பவும் பாடும். சுவிட்ச் போட்டா உடனே சத்தம் வராது, வால்வு சூடாகணும், மொதல்ல ஸ்டேஷன் சரியா புடிச்சிருக்கான்னு காட்டுற அந்த பச்சைக் கண்ணு மெதுவா எரியும், அப்புறம் கரகரன்னு ஆரம்பிக்கும். அந்தக் காத்திருப்புக்கே எங்க வீட்டுப் பசங்க சுத்தி உக்காந்துப்பாங்க.

இலங்கைல எங்க பிடிக்கும்னா மலைநாடுதான், கடற்கரை எல்லாம் அப்புறம். நானுஓயாவுலேர்ந்து பதுளைக்கு ரயில்ல போங்க. நம்ம ஊட்டி ரயில் பல்சக்கரத்தைப் புடிச்சு ஏறும், அங்க பிராட்கேஜ் ரயிலே வளைஞ்சு வளைஞ்சு பட்டிப்பொலை ஸ்டேஷனுக்கு ஏறிடுது, கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம்! எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவுல ஒன்பது வளைவுப் பாலம், 1921ல தொறந்தது, இரும்பு போடாம கல்லும் செங்கல்லும் சிமெண்டுமா கட்டினது. தெமோதரைல லைன் ஒரு சுத்து சுத்தி ஸ்டேஷனுக்கு அடியிலயே பூந்து போகும், நான் ஜன்னல்ல தலையை நீட்டி பாத்துக்கிட்டே இருந்தேன். ஹப்புத்தளைல இறங்கி தம்பேதன்னை தோட்டம் வழியா லிப்டன் சீட்ங்கிற மலை உச்சிக்கு விடியக்காலைல ஏறுங்க. கொழுந்து எடுக்குற அக்காங்ககிட்ட பேசினா நம்ம கோத்தகிரி லைன்ல பேசுற மாதிரியே இருக்கும், பிரட்டு (காலைல வேலைக்கு ஆள் கணக்கு எடுக்குறது), கங்காணி, துரைன்னு அதே வார்த்தைங்க. ஒரு அக்கா "நீங்க எந்தத் தோட்டம்?"னு கேட்டாங்க, தாத்தாவோட தோட்டத்துப் பேரைத்தான் சொன்னேன்.

வடக்க போனா நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துப் பக்கம் குறிகட்டுவான்ல படகு. பவளக்கல்லை சும்மா அடுக்கியே வேலி கட்டியிருப்பாங்க, குதிரைங்க அதுபாட்டுக்கு மேயும். அந்தமானும் போயிருக்கேன், நீல் தீவு அழகுதான், அவ்ளோதான் சொல்ல முடியும்.

யார் வீட்லயாவது பழைய வால்வு ரேடியோ பரண்ல இருந்தா ஒரு விஷயம், தயவுசெஞ்சு அப்படியே பிளக்ல சொருகாதீங்க. உள்ள இருக்கிற பேப்பர் கெப்பாசிட்டர் ஈரம் புடிச்சிருக்கும், நம்ம மலைல கேக்கவே வேணாம். தெரிஞ்ச மெக்கானிக்கை வெச்சு அதை மாத்திட்டு, மொத தடவை சீரிஸ் பல்பு (கரண்ட் அளவா போறதுக்கு அதே லைன்ல ஒரு குண்டு பல்பு) போட்டு ஏத்தணும். பிளக்கை உருவினாலும் உள்ள சார்ஜ் நிக்கும், கை வைக்காதீங்க. நாங்க மழை மாசத்துல ரேடியோ இருக்கிற அலமாரிக்குள்ள ஒரு சின்ன குண்டு பல்பு எரிய விட்டுடுவோம், பூஞ்சை வராது. ஹப்புத்தளைக்கு ஜனவரிலேர்ந்து மார்ச்சுக்குள்ள போனா நல்லது, மழை நாள்ல மண்சரிவுல லைன் நின்னு போகும், கிளம்புறதுக்கு முன்னாடி ரயில் ஓடுதான்னு கேட்டுக்கோங்க.