பேங்க் வேலையில் சேர்ந்த பிறகு மேற்கொண்டு படிக்க, வளர நிர்வாகம் உதவுமா?

கிளார்க் பரீட்சை எழுதிவிட்டு ஆர்டருக்குக் காத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் நன்றாகவே உதவுவார்கள். நான் 2014-இல் ஓர் அரசு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஜேஏஐஐபி என்கிற, வங்கி ஊழியர்களுக்கான முதல்நிலைப் பரீட்சை பாஸ் செய்ததும் ஒரு இன்கிரிமென்ட் ஏறியது, பரீட்சைக் கட்டணமும் திரும்பி வந்தது. அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் பயிற்சிக்குக் கிளையிலிருந்து நம்மை அனுப்ப வேண்டுமே! அறந்தாங்கிப் பக்கம் இருந்தபோது, கடன் பிரிவில் மூன்று நாள் பயிற்சி என்று சென்னைக்கு என் பெயர் வந்தது. சேர்ந்து ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. புதுக்கோட்டையிலிருந்து பல்லவன் ரயிலில் டிக்கெட்கூடப் போட்டுவிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, "தம்பி, கேஷியர் அம்மா லீவு சொல்லிட்டாங்க. நீங்களும் போயிட்டா நகைக்கடன் யார் பார்க்கிறது? அடுத்த பேட்ச்ல போயிக்கலாம்" என்றார். அந்த அடுத்த பேட்ச் வரவே இல்லை. அவரைத் திட்டியும் பயனில்லை, அவருக்கே ஆறு மாதமாக லீவு கிடைக்கவில்லை.

அப்புறம் ஆன்லைன் பயிற்சி. மார்ச் 31-க்குள் எல்லோரும் முடித்தாக வேண்டும். ஒரு வருஷம் சைபர் பாதுகாப்பு. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதுதான் பாடமே. மேனேஜர் உட்பட ஐந்து பேருடைய பாஸ்வேர்டையும் ஒரு பணம் கட்டும் சலானின் பின்பக்கத்தில் எழுதி வாங்கி, ராத்திரி எட்டு மணிக்கு நான் ஒருவனே நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டி முடித்தேன். நூறு சதவீதம் முடித்த கிளை என்று மண்டல அலுவலகத்திலிருந்து பாராட்டு மெயில் வந்தது.

'கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு அழுகிறாயே' என்று யாராவது வருவார்கள், தெரியும். எல்லாக் கிளையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. போதுமான ஆள் இருக்கிற கிளை கிடைத்த நண்பன் ஒருவன் அடுத்த நிலைப் பரீட்சையான சிஏஐஐபியும் முடித்து ஆபீசராகிவிட்டான்.

எனக்கு எரிச்சல் இன்சூரன்ஸ் விஷயத்தில்தான். தோட்டை அடகு வைக்க வந்த பாட்டியிடம் பாலிசி பேசச் சொல்வார்கள். அதற்கான பயிற்சி மட்டும் ஒரு மாதமும் தவறியதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரரே பஜ்ஜி வாங்கிக்கொண்டு கிளைக்கு வந்துவிடுவார். அன்றைக்கு ஐந்தரை மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தே ஆக வேண்டும், கேஷியர் அம்மா உட்பட.